மானியம் வந்த தெருவும் மானம் போன நானும்

அரசாங்கம் எனக்கு இதுவரை ஒரு நன்மையும் செய்ததில்லை. அதற்காக நான் என்றைக்காவது குறை சொல்லியிருக்கிறேனா? இல்லை. நீ உன் வழியைப் பார், நான் என் வழியைப் பார்க்கிறேன் என்று இரண்டு பேரும் சண்டை சச்சரவில்லாமல்தான் இருந்தோம். அப்படிப்பட்ட அரசாங்கம் திடீரென்று ஒரு நாள் எனக்கு நல்லது செய்யக் கிளம்பிவிட்டது. நான் அழிந்தது அன்றைக்குத்தான்.

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அடிபட்ட கார்களின் போட்டோவைப் பார்த்து, "இது முன்பே இருந்த நசுங்கல், பணம் கிடையாது" என்று எழுதுவது என் உத்தியோகம். இந்தக் கம்பெனி, கட்டட வாடகையை மிச்சம் பிடிக்க ஒரு உத்தரவு போட்டது. வீட்டில் நல்ல நெட் இருப்பவர்கள் எல்லாரும் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். ஆபீஸ் பக்கம் தலை வைத்தும் படுக்கக்கூடாது. நெட் இல்லாத அபாக்கியவான்கள் மட்டும் திங்கள் முதல் வெள்ளி வரை நகரத்தில் கம்பெனி விடுதியில் தங்கி ஆபீசுக்கு வரலாம்.

அபாக்கியவான் என்பது கம்பெனி எங்களுக்கு வைத்த பெயர். எனக்கோ வாழ்நாளில் கிடைத்த ஒரே பாக்கியம் அதுதான்.

எங்கள் தெரு மலைக்குப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டவர்கள் எல்லாம் மலைக்கு முன்பக்கம். போன் பேச வேண்டுமென்றால் தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். தையல்காரம்மா தன் வாடிக்கையாளர்களிடம் அளவு கேட்பதும், கொத்தனார் கூலி பேசுவதும் அங்கே நின்றுதான். நெட் என்பது நகரத்துக்குப் போனால் பார்த்துவிட்டு வருகிற ஒரு பொருள். கேபிள் கம்பெனிக்காரர்களைக் கேட்டால், "உங்க ஒரு தெருவுக்காக மலையைச் சுத்தி கேபிள் இழுத்தா எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?" என்றார்கள். எவ்வளவு நியாயமான மனிதர்கள்! அவர்கள் இருந்த திசையைப் பார்த்து நான் கும்பிட்டேன்.

விடுதியில் எனக்கென்று ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, சரியாக மூடாத ஒரு ஜன்னல். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டால் அது பாட்டுக்குக் கட்டில் மேல் கிடக்கும். இரவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, நான் யாருடைய கணவன், யாருடைய மாப்பிள்ளை என்பதை எல்லாம் ஒவ்வொன்றாக மறப்பேன். அதைவிடச் சுகம் எனக்குத் தெரிந்து கிடையாது.

என் மனைவியைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். திட்டமாட்டாள். குரலை உயர்த்தமாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். குழாயை நான் எவ்வளவு இறுக்கினேன், செருப்பை எந்தப் பக்கம் பார்க்கக் கழற்றினேன், எல்லாவற்றையும் பார்ப்பாள். பார்த்துவிட்டு "சரி" என்பாள். அந்தச் "சரி"க்கு எந்த அகராதியிலும் அர்த்தம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் மாமனாரும் உண்டு. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காது போய்விட்டது. குரல் போகவில்லை. நான் குளியலறைக்குள் நுழைந்தால், "பயணிகள் கவனிக்கவும். மாப்பிள்ளை குளியலறையை வந்தடைந்தார்" என்பார். அது பொது அறிவிப்பு. பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்து. என் சொந்த வாழ்க்கையில் சொந்தம் என்று ஒன்றுமே இல்லாமல் போனது இப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை காலை டீயோடு வந்தாள் மனைவி.

"ஏங்க, விஷயம் தெரியுமா? நம்ம தெருவுக்கு நெட் வரப்போகுது."

டீ என் மூக்குக்குள் போயிற்று.

"எப்படி வரும்? கட்டுப்படியாகாதுன்னு கைய விரிச்சுட்டுப் போனாங்களே!"

"அரசாங்கம் மானியம் குடுக்குதாம். நெட்டே எட்டாத இடமா பாத்து, கேபிள் போடுற செலவுல பெரும்பங்கு அவங்களே ஏத்துக்குறாங்களாம். அப்புறம் கம்பெனிக்கு என்ன வலிக்குது?"

"ஜனங்க குடுத்த வரிப் பணத்த இப்படியா வாரி எறைக்கிறது?"

"நீங்க எப்போலேருந்து வரிப் பணத்துக்கு அழ ஆரம்பிச்சீங்க?"

"நாட்டு மேல ஒரு அக்கறைதான்."

"சரி. நெட் வந்துட்டா நீங்க அஞ்சு நாளும் அந்த விடுதியில கிடந்து கஷ்டப்பட வேணாம். பாவம், அங்க சாப்பாடு தூக்கமில்லாம எளைச்சே போயிட்டீங்க."

"நான் எங்க எளைச்சேன்?"

"அதான். எளைக்கவே இல்லையேன்னு நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

ஊஞ்சலிலிருந்து மாமனார் தொண்டையைச் செருமினார். மகள் உதடு அசைவதை வைத்தே விஷயத்தைப் பிடித்துவிடுவார். "பயணிகள் கவனிக்கவும். நகரத்துக்குச் செல்லும் மாப்பிள்ளை, இனிமேல் நம் வீட்டிலேயே நிறுத்தப்படுவார். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

அவரைவிட நான்தான் வருந்தினேன். உட்கார்ந்தால் வருத்தம், நின்றால் வருத்தம். ஐந்து நாள் அமைதியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மனிதனிடம் ஒயரைக் கொடுத்தால் அவன் அதை என்ன செய்வான்? தூக்கு மாட்டிக்கொள்ளலாம் என்றால் ஃபைபர் கேபிள் அவ்வளவு பாரம் தாங்காது என்கிறார்கள்.

ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். உயிரே போனாலும் எங்கள் தெருவுக்கு நெட் வரக்கூடாது.

மறுநாள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூட்டம். மானிய அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் காணோமே என்று பையைக் குடைந்துகொண்டிருந்தார். இவரிடமிருந்தா நாம் தப்ப முடியாது என்று எனக்கு ஒரு தெம்பு வந்தது. ஆண்கள் வரிசையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன்.

"மலையத் தோண்டுனா சரியும்," என்றேன் கொத்தனாரிடம்.

"கேபிளு முழங்கால் ஆழம்தான் சார். நான் உங்க வீட்டு செப்டிக் டேங்குக்குத் தோண்டுனது அதவிட ஆழம். மலை சரிஞ்சுதா?"

"நெட் வந்தா குடும்பத்துல யாரும் யார்கூடவும் பேசமாட்டாங்க," என்றேன் பஸ் டிரைவரிடம்.

"நெஜமாவா சார்?" என்று அவர் ஆவலோடு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "எப்போ வரும்?"

இது வேலைக்காகாது என்று தெரிந்துபோயிற்று. அந்த நேரத்தில்தான் அதிகாரி அம்மா விதியைச் சொன்னார். இந்த மானியம் நெட் வசதியே இல்லாத பகுதிக்கு மட்டும்தான். ஏற்கெனவே வசதி இருக்கிற இடத்துக்குக் கொடுத்தால் அவர் வேலை போய்விடும். இதைக் கேட்டதும் என் கை தானாகவே மேலே போயிற்று.

"ஒரு சந்தேகம் மேடம். தெருவுல ஒரே ஒரு வீட்டுல மட்டும் நெட் இருந்துச்சுன்னா?"

"சரியான வேகத்துல இருந்தா, அது வசதி உள்ள தெருன்னுதான் கணக்கு. மானியம் அடுத்த ஊருக்குப் போயிடும்."

"ஒரு வீடு போதுமா?"

"ஒரு வீடு போதும்."

பெண்கள் வரிசையில் ஒரு தலை திரும்பியது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

தெருவின் கடைசி வீடு கோழி அண்ணனுடையது. தனிக்கட்டை. நாள் முழுக்கக் கோழிகளோடுதான் பேச்சு. அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலை மறைக்காமல் வானம் முழுசாகத் தெரியும். செயற்கைக்கோளிலிருந்து நேராக நெட் இறங்குகிற டிஷ் ஒன்று வைக்க, அந்தத் தெருவில் அதைவிடத் தோதான இடம் கிடையாது. கடைவாய்ப் பல் கட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். பல் போனால் போகட்டும், நிம்மதி இருந்தால் கஞ்சி குடித்துக்கூடக் காலம் தள்ளலாம்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு நெட் போட்டுத் தரலாம்னு இருக்கேன்."

"எனக்கெதுக்குப்பா நெட்? கோழி மேயவா?"

"உலகத்துல எங்கெங்க எப்படியெப்படி கோழி வளக்குறாங்கன்னு பாக்கலாம். அறிவு வளரும்."

"யாருக்கு? கோழிக்கா?"

"உங்களுக்குத்தான்ணே."

"முட்டைல விரிசல் இருக்குன்னு போன வாரம் என்கிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டவன் நீ. இன்னிக்கு எனக்கு இனாமா நெட் குடுக்குறே. உனக்கு உடம்புக்கு ஏதாவது?"

"மனுஷன் திருந்தக் கூடாதாண்ணே?"

"திருந்தலாம். சொல்லிட்டுத் திருந்தணும். இப்படித் திடுதிப்புன்னு திருந்துனா பயமா இருக்குல்ல?"

"ஒரே ஒரு கண்டிஷன். இத நான் வாங்கிக் குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. முக்கியமா என் வீட்டுல."

"ஓஹோ, தப்பா?"

"தப்பில்லண்ணே, ரகசியம்."

"என் அனுபவத்துல ரெண்டும் ஒரே கூட்டுலதான் முட்டை போடும்," என்று சொல்லிவிட்டு, ஒரு கோழியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "சரி, போடு. எங்கிட்ட சொன்னது குழி தோண்டிப் பொதைச்ச மாதிரி."

அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஊர் திரும்பியபோது டிஷ் மாடியில் உட்கார்ந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்தது. தெருவே மங்கலாகக் கிடக்க, அது மட்டும் வெள்ளை வெளேரென்று மின்னியது. கொஞ்சம் சின்னதாக வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது.

வீட்டுக்குள் காலை வைத்ததும் மனைவி கேட்டாள்.

"கோழி அண்ணன் மாடியில என்னவோ தட்டு மொளைச்சிருக்கே, பாத்தீங்களா?"

"தட்டா? எந்தத் தட்டு?"

"பெருசா, வெள்ளையா, வானத்தப் பாத்துக்கிட்டு."

"மழைத் தண்ணி புடிக்க வச்சிருப்பாரு. கோழிக்குத் தண்ணி வேணும்ல."

"கோழி கீழதானே இருக்கு?"

"ஏறிப் போய்க் குடிக்கும்."

"சாய்ச்சு வச்சிருக்காரே, தண்ணி நிக்குமா?"

"கோழிக்கு... ரொம்பத் தண்ணி ஆகாது."

"சரி," என்றாள்.

முட்டாள்களுக்கென்று ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த வாரம் நான் அதைத்தான் அனுபவித்தேன். நகரத்துக்குப் போனதும் மானிய அலுவலகத்துக்கு போன் செய்து, பெயர் சொல்லாமல், அந்தத் தெருவில் ஒரு வீட்டில் நெட் பறக்கிறது, அரசாங்கப் பணம் பாழாகப் போகிறது என்று ஒரு பொறுப்புள்ள குடிமகனாகக் கவலைப்பட்டேன். வருகிற சனிக்கிழமை நேரில் வந்து வேகத்தை அளந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். போனை வைத்த பிறகு, தண்ணீர்த் தொட்டி மேல் குடையைப் பிடித்துக்கொண்டு அளவு கேட்கிற தையல்காரம்மா நினைவுக்கு வந்தார். மனசு உறுத்தியது. உடனே என் அறையை நினைத்துக்கொண்டேன். உறுத்தல் நின்றுவிட்டது. அவ்வளவு கேவலமான மனிதன் நான்.

சனிக்கிழமை வந்தது. அதிகாரி அம்மாவும் வந்தார். அவரைக் கோழி அண்ணன் வீட்டுக்கு வழிகாட்டி அழைத்துப் போகிற பாக்கியம் எனக்கே கிடைத்தது. கேட்டைத் திறந்தேன். திறந்த கை அப்படியே நின்றுவிட்டது.

தெரு மொத்தமும் உள்ளே இருந்தது. கோழிகளுக்கு நடுவில், கூண்டு மேல், படிக்கட்டில், கவிழ்த்துப் போட்ட வாளிகள் மேல், ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரம்மா ரவிக்கை வெட்டுகிற வீடியோ பார்க்கிறார். கொத்தனார் குத்துச்சண்டை பார்க்கிறார். பஸ் டிரைவர் வெளிநாட்டில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார், கண் கலங்கியிருக்கிறது. மூலையில் என் மாமனார் ஏதோ ஒரு தேசத்து ரயில்களைப் பார்த்து, அவற்றின் வருகையை எங்கள் தெருவுக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறார். நடுவே என் மனைவி, அதிகாரி அம்மாவுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம், டீ சாப்பிடுங்க. மெதுவா அளக்கலாம்."

அதிகாரி அம்மா பெட்டியைத் திறந்து கருவியை இணைத்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு சேவல் வந்து அதை எட்டிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய்த் திரும்பிப் போயிற்று.

"என்ன மேடம் வருது?" என்றேன்.

"வரவே மாட்டேங்குதே. இத நெட்டுன்னா சொன்னாங்க? யாரோ போன்ல பறக்குதுன்னாங்களே."

"எல்லாரையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க மேடம். அப்புறம் அளந்து பாருங்க, பறக்கும்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு... யூகம்தான்."

"நிறுத்தச் சொல்லக் கூடாதுங்க," என்றாள் மனைவி, டீயை நீட்டிக்கொண்டே. "ஒரு பகுதியில ஜனங்க வழக்கமா எப்படிப் பயன்படுத்துறாங்களோ, அப்படிப் பயன்படுத்தும்போதுதான் வேகத்த அளக்கணும். விதியில அப்படித்தான் போட்டிருக்கு."

அதிகாரி அம்மா பையைக் குடைந்தார், பிறகு தலையைத் தடவினார், கண்ணாடி கிடைத்தது. விதியைத் தேடிப் பிடித்துப் படித்தார்.

"ஆமா, இருக்கு! எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கண்ணுலயும் இது பட்டதில்லையே. நீங்க எங்கம்மா படிச்சீங்க?"

"இங்கதான் மேடம். இதே கூண்டு மேல உக்காந்துதான். அண்ணன் வீட்டு நெட் வந்ததுலேருந்து மானியத்தப் பத்தி எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டேன்."

நான் பல்லைக் கடித்தேன். கடைவாயில் வலி உச்சிக்கு ஏறியது.

"வழக்கமா இவ்வளவு பேருமா பயன்படுத்துறீங்க?" என்று அதிகாரி அம்மா சந்தேகமாகக் கேட்டார்.

"அத ஏம்மா கேக்குறீங்க!" என்று கோழி அண்ணன் முன்னால் வந்தார். "போன திங்கக்கிழமைலேருந்து விடிஞ்சா இப்படித்தான். கோழிங்க முட்டை போடுறதையே நிறுத்திடுச்சு. இத்தன பேரு பாத்தா எது போடும்?" பிறகு என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் கலவரம் வந்தது. "தம்பி, நான் வாயே தெறக்கல! தங்கச்சி வந்து பாஸ்வேர்டு குடுங்கண்ணேன்னுச்சு, குடுத்தேன். ஆனா இத நீதான் வாங்கிக் குடுத்தேன்னு மூச்சு விடல. சொன்னேனா தங்கச்சி?"

"நீங்க எங்கண்ணே சொன்னீங்க? சொல்லவே இல்ல," என்றாள் என் மனைவி.

தெருவே போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து எந்த ரயிலும் வரவில்லை. மாமனாரும் மௌனமாகிவிட்டார். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. கேபிள் போடத்தான் பிளப்பார்கள் போலிருக்கிறது.

"சார் வாங்கிக் குடுத்தாரா?" என்றார் தையல்காரம்மா. "எதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எதுக்கா? நீங்க தொட்டி மேல நின்னு படுற பாட்ட அவரால பாக்க முடியல. மானியம் வர்ற வரைக்கும் ஜனங்க கஷ்டப்படக் கூடாதேன்னு பல்லு கட்டுற பணத்த எடுத்துப் போட்டிருக்காரு. வெளிய தெரியாம நல்லது செய்யணும்னு நெனைக்கிறவரு அவரு."

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொத்தனார் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஸ் டிரைவர் போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பி, "இவருதாம்மா அந்தப் புண்ணியவான்" என்று மகளிடம் காட்டினார். வட்டம் சுற்றிச் சுற்றி நின்ற திரையிலிருந்து அவள் என்னைக் கும்பிட்டாள். என் மனைவி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன், காப்பாற்றிவிட்டாள். இனி இந்தத் தெருவில் நெட்டுக்கு எதிராக நான் மூச்சு விட முடியுமா?

எங்கள் தெரு, வசதி எட்டாத பகுதி என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. போகும்போது அதிகாரி அம்மா என் மனைவியைத் தனியாக அழைத்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையிலா இருந்தேன்?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கூட்டத்துலயே தெரியும். கை தூக்கிக் கேள்வி கேட்டீங்களே. கல்யாணமாகி இத்தன வருஷத்துல நீங்க ஒரு கூட்டத்துல கேள்வி கேட்டு நான் பாத்ததே இல்ல."

"அப்போ டிஷ் வைக்கும்போதே நிறுத்தியிருக்கலாமே?"

"எதுக்கு? எனக்கும் படிக்க நெட் வேணுமே."

துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டை ஒன்றை மடித்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்காமல் சும்மா இருந்தாள்.

"அந்த ரூம் உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியும்ங்க. திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு விசில் அடிச்சுக்கிட்டு ஷேவ் பண்ணுவீங்க. வெள்ளிக்கிழமை வந்து வாசல்ல நின்னா, யாரோ புடிச்சுத் தள்ளிவிட்ட மாதிரி மொகம். நான் ஒரு நாளாவது ஏதாவது கேட்டேனா?"

ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது, உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஐந்து நாளும் அவள் அப்பாவோடு தனியாக இருந்து என்ன செய்தாள் என்று நானும் ஒரு நாளும் கேட்டதில்லை.

பள்ளம் தோண்டினார்கள். மலை சரியவில்லை. கேபிள் வந்தது, சுவரில் ஓட்டை போட்டு ஒரு பெட்டியை மாட்டினார்கள், அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அதை யார் சொன்னார்களோ, கம்பெனி மேனேஜர் அன்றே என்னைக் கூப்பிட்டு, "வாழ்த்துக்கள்! இனிமே நீங்க குடும்பத்தோடயே இருக்கலாம்" என்றார். விடுதிச் சாவியைத் தபாலில் அனுப்பிவிட்டேன். தபால் பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் இன்னும் வயிற்றுக்குள் கேட்கிறது.

இப்போது என் ஆபீஸ், துணி துவைக்கிற இயந்திரத்துக்கும் மாமனாரின் ஊஞ்சலுக்கும் நடுவில் இருக்கிறது. முதல் நாள் மீட்டிங்கில் பெரிய அதிகாரிகள் எல்லாரும் திரையில் வரிசையாக வந்து உட்கார்ந்ததும், பின்னாலிருந்து குரல் வந்தது. "பயணிகள் கவனிக்கவும். மாப்பிள்ளை மேலே சட்டையும் கழுத்துப்பட்டையும், கீழே அரை டிராயரும் அணிந்து தயார் நிலையில் உள்ளார்." தலைமை அதிகாரி சிரிக்கவில்லை. மீட்டிங் முடிந்தும் அவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

ஆனாலும் மனிதன் எதற்கும் பழகிக்கொள்வான். வெட்கப்பட்ட அன்றைக்கே எனக்குள் ஏதோ இளகியிருந்தது. போனது போகட்டும், இனிமேலாவது அவளோடு உட்கார்ந்து பேசுவோம்; ஐந்து நாள் அவளுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்போம்; மத்தியானம் ஒன்றாக டீ குடிப்போம் என்று நினைத்துக்கொண்டேன். துண்டைக்கூடக் கொடியில் காயப்போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, தானாகவே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இதை அவளிடம் சொல்லிவிடலாம் என்று அறைக்குள் போனேன்.

கட்டில் மேல் ஒரு புதுப் பெட்டி. சக்கரம் வைத்தது. அவளுடைய புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னது இது?"

"வேலைக்குப் போறேங்க. அன்னிக்கே அந்த அதிகாரி மேடம் கேட்டாங்க. விதி தெரிஞ்ச ஆளு, ஜனங்கள ஒண்ணு சேக்கத் தெரிஞ்ச ஆளு வேணுமாம். இன்னும் எத்தனையோ ஊருக்கு மானியம் போய்ச் சேரலையாம்."

"எப்போ வருவ?"

"திங்கக்கிழமை போனா வெள்ளிக்கிழமை வந்துருவேன். தங்க ரூம் குடுப்பாங்க. சின்ன ரூம்தானாம்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. அதை ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

"உங்க அப்பாவ யார் பாத்துப்பா?"

"நீங்க வீட்டுலதானே இருக்கீங்க."

"சமையல்?"

"எப்படிச் செய்யறதுன்னு நெட்டுல பாருங்க. நல்ல வேகமா வருது."

பெட்டியை மூடினாள். பூட்டு 'டக்'கென்று விழுந்தது. இத்தனை நாள் கேட்காத கேள்வியை எல்லாம் ஒரே மூச்சில் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது; அவள் விடியற்காலை பஸ்ஸுக்கு அலாரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தெனம் ராத்திரி உனக்கு வீடியோ கால் பண்றேன்," என்றேன். "ரெண்டு பேரும் மொகம் பாத்துப் பேசலாம்."

அவள் என்னை ரொம்பப் பரிவோடு பார்த்தாள்.

"எப்படிங்க கிடைக்கும்? நெட்டே இல்லாத ஊருக்குத்தானே என்னை அனுப்புறாங்க."